குத்தூசி இறங்கிய இடம்

ஜனவரி 12

அன்புள்ள சில்லறைக்கு,

போன செவ்வாய்க்கிழமை நம் பயறுக் கடையில் எடை போடுகிற தராசுக்காரருடைய இடது காதுக்குக் கீழே இருந்த கட்டியை அறுத்து எடுத்துவிட்டார்கள். மொச்சைக்கொட்டை அளவுதான் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது, வெளியே வந்தபோது சின்ன எலுமிச்சம்பழம். எச்சில் ஊறுகிற சுரப்பியில் வந்த புற்று என்று தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம். உன் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி குறைந்ததா? மாடி ஏறுகிறாரா, இன்னும் உன்னைத்தான் ஏற இறங்க விடுகிறாரா?

போன் போடாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் போன் உளுந்து மூட்டைக்கு அடியில் போய் நசுங்கிவிட்டது. புதிதாக வாங்கியதில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கிறதாம். தவிர, இது எழுதிக் கேட்க வேண்டிய விஷயம்.

அறுத்த டாக்டர் சொல்கிறார், கட்டி முரடும் இல்லை, சாதுவும் இல்லை, நடுத்தரம் என்று. வெட்டிய ஓரம் புற்று இல்லாமல் சுத்தமாகத்தான் வந்திருக்கிறது, ஆனால் மயிரிழை இடைவெளி. கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தாலும் வைக்கலாம், வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் இருக்கலாம் என்கிறார். எனக்குக் கோபம் வந்தது. ஒரே சரக்குக்கு இரண்டு விலை சொல்கிற ஆளிடம் நான் நின்று பேசியதே இல்லை. கரண்ட் வைத்தால் வாய் வறண்டுபோகும், ருசி போகும், ஆறு வாரம் கடைப்பக்கம் தலைகாட்ட முடியாது. பயறு வியாபாரத்தில் இருப்பவனுக்கு வாய் போனால் என்ன மிச்சம்?

இந்த மாதிரிக் கட்டிகளைத்தானே நீ அங்கே ஆய்வுக்கூடத்தில் சாயம் போட்டு எண்ணுகிறாய்? திரும்ப வருமா வராதா என்று ஓரளவு எண்ணிச் சொல்ல முடியும் என்று ஒருமுறை சொன்னாய். தராசுக்காரருக்கு உண்மை வேண்டும். வேண்டப்பட்டவர்களிடம் கேட்டால் பூசி மெழுகுவார்கள். நீ அவரை உன் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. அதனால் உன்னிடம் கேட்கலாம் என்று நான்தான் சொன்னேன்.

உடனே பதில் போடு. கழுத்து வலியோடு ரொம்ப நேரம் குனிந்து உட்காராதே.

உன் அண்ணன்


ஜனவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உறையைச் சாக்கு தைக்கிற நூலால் கட்டியிருந்தீர்கள். தபால்காரர், "என்னம்மா, பயறு அனுப்பிருக்காங்களா?" என்று குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். உங்கள் கையெழுத்தைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இவருக்கு முழங்கால் தேவலை. மாடிக்கு நான்தான் இன்னும் ஏறுகிறேன்.

தராசுக்காரர் செய்தி கேட்டு வருத்தமாக இருந்தது. என் கல்யாணத்தில் எல்லாருக்கும் முன்னால் உங்களைப் பார்த்து, "முதலாளி, தங்கச்சிக்கு எடை கூடிப்போச்சு, மாப்பிள்ளை தாங்குவாரா?" என்று கேட்டவர்தானே. மறக்கவில்லை.

எண்ணலாம் அண்ணா. கட்டியை மெழுகுக் கட்டிக்குள் பதித்து ஆஸ்பத்திரியில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அதிலிருந்து முடியைவிட மெல்லிசாக ஒரு சீவல் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் போடுவோம். பெருகிக்கொண்டிருக்கும் செல்லுக்குள் கி-67 என்று ஒரு புரதம் இருக்கும். அது இருக்கும் செல் பழுப்பாகத் தெரியும். சும்மா இருக்கும் செல் நீலம். ஐந்நூறு செல்லை எண்ணி, நூற்றுக்கு எத்தனை பழுப்பு என்று எழுதுவோம்.

இது நீங்கள் சொல்லிக்கொடுத்த வேலைதான். மூட்டையில் குத்தூசியை இறக்கி, வந்த பயறைத் தட்டில் கொட்டி, "நூறு எண்ணு, சொத்தை எத்தனைன்னு சொல்லு" என்பீர்கள். நல்ல பயறு வந்தால் விடமாட்டீர்கள். "நல்ல இடத்துல குத்துனா எவன் சரக்கும் நல்ல சரக்குதான், மோசமான இடத்தைத் தேடு" என்பீர்கள். நாங்களும் அப்படியே. தகடு முழுவதையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பழுப்பு எங்கே அடர்த்தியோ அங்கேதான் நிறுத்தி எண்ணுவோம்.

எங்கள் ஆய்வுக்கூட டாக்டரம்மாவின் அலமாரியில் இந்தச் சுரப்பிக் கட்டி மட்டும் அறுபத்தொன்று இருக்கிறது. எல்லாரும் அறுத்து ஐந்து வருஷம் தாண்டியவர்கள். எண்ணிக்கை பத்துக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் இன்றைக்கும் சோதனைக்கு வந்து, வரிசை நீளம் என்று எங்களோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறார்கள். இருபதுக்கு மேலே வந்தவர்களில் பாதிப்பேருக்குத் திரும்ப வந்துவிட்டது. அறுபத்தொன்று என்பது சின்னக் கூட்டம், அதை வைத்து ஒருவர் தலையெழுத்தைச் சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் இரண்டுங்கெட்டானாக நிற்கும்போது எந்தப் பக்கம் சாயலாம் என்று காட்டும்.

டாக்டரம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மெழுகுக் கட்டியையும் ஆஸ்பத்திரித் தாளையும் அனுப்பச் சொல்லுங்கள். கரண்ட் வைப்பதென்றால் அறுத்ததிலிருந்து ஏழு வாரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், அதாவது பிப்ரவரி 24. நாளைக் கடத்தாதீர்கள்.

பழைய போனையாவது சரிசெய்து ஒருமுறை பேசுங்கள்.

தங்கை


ஜனவரி 22

அன்புள்ள சில்லறைக்கு,

இங்கே அனைவரும் நலம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். மெழுகுக் கட்டி இத்துடன் வருகிறது. ஆஸ்பத்திரியில் அதை வாங்குவதற்குள் மூன்று மேஜை, நான்கு கையெழுத்து. மூன்றாவது மேஜையில் இருந்த அம்மாள், "இதை வச்சு நீங்க என்ன சார் பண்ணப்போறீங்க?" என்றார். "எண்ணத் தெரிஞ்ச ஆள் ஒண்ணு இருக்கு" என்றேன். கட்டி நசுங்காமல் இருக்க டப்பாவுக்குள் பாசிப்பயறு நிரப்பியிருக்கிறேன். அது முதல் தரம், கொட்டிவிடாதே.

தாளில் பெயரை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். தராசுக்காரர் கூச்சப்படுகிறார். நோயை ஊரெல்லாம் படிக்க வேண்டாம் என்கிறார்.

எனக்கு எண் மட்டும் போதும். ஆறுதல் வேண்டாம், விளக்கம் வேண்டாம். எண் எதுவோ அதன்படி நடந்துகொள்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்களைப் பற்றி எழுதுங்கள்.

எண்ணிவிட்டேன். நூற்றுக்கு ஒன்பது.

போன கடிதத்தில் நாலைந்து இடத்தில் சொட்டு விழுந்து மை பரவியிருந்தது. கண்ணில் ஏதாவது தொந்தரவா? மூன்று நாளாக உங்கள் எண்ணுக்கு அடிக்கிறேன், மணி போகிறது, எடுப்பதில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டாலும் எடுத்துப் பேசலாமே?

பாசிப்பயறு நன்றாக வெந்தது.

தங்கை


பிப்ரவரி 7

அன்புள்ள சில்லறைக்கு,

ஒன்பது. முந்தாநாள் காலையில் கடை திறந்ததும் உன் கடிதம் வந்தது. படித்துவிட்டு அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். தராசுக்காரர் பயந்துபோய், "என்ன முதலாளி, சரக்கு எதுவும் திரும்பி வந்துடுச்சா?" என்றார். "வரலைய்யா, வராதாம்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் கடையில் இருந்த எல்லாருக்கும் நானே போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று டாக்டரிடம் ஒன்பது என்று சொல்லியாகிவிட்டது. அப்படியென்றால் பார்த்துக்கொண்டிருக்கலாம், ஆனால் கையெழுத்துப் போட்ட அறிக்கை வரட்டும் என்றார். கரண்ட் வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கண்ணுக்கு ஒன்றுமில்லை, பயறுத் தூசி. போனில் மணி போவதைப் பற்றி அதை விற்றவனிடம்தான் கேட்க வேண்டும்.

நீ செய்த உதவியை மறக்கமாட்டேன். வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

அன்பான நாத்தனாருக்கு,

உன் அண்ணிக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளைத் தம்பியும் நன்றாக இருக்க வேண்டும். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நீ கூப்பிடும்போது எடுத்துச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், போனை அவரே வாங்கி வைத்துக்கொள்கிறார்.

உனக்குத் தெரியும் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். உன்னிடம் எல்லாம் எழுதியாகிவிட்டது, நீதான் எண்ணிச் சொன்னாய் என்றார். நேற்று தராசுக்காரர் வீட்டுப்பக்கம் வந்தார். "கடுதாசியில என் காதுக்குக் கீழ கட்டின்னு எழுதிட்டாராம்மா, எனக்குத்தான் ஆபரேசன்னு சொல்லிவச்சிருக்காரு. என்னைக் கேட்டாச் சும்மா தலையாட்டணுமாம்" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கட்டி உன் அண்ணனுக்குத்தான். அறுத்தபோது முகத்துக்குப் போகிற நரம்பை உரசித்தான் எடுத்தார்களாம். இடது பக்கம் வாய் கோணியிருக்கிறது. அந்தக் கண்ணை முழுசாக மூட முடியவில்லை, தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கிறது. பேச்சு குழறுகிறது. ஆறு மாதத்தில் சரியாகும் என்கிறார்கள். அதுவரை உன்னிடம் பேசக்கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார். கடையில் வருகிறவர்களுக்கு வலது பக்கத்தையே காட்டி உட்கார்கிறார். நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்.

நீ எழுதிய தாளைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எடுத்துப் பார்க்கிறார். "அவளுக்கு யார் கட்டின்னே தெரியாது, அதனால இந்த எண்ணு சுத்தம்" என்கிறார். சந்தோஷமாக இருக்கிறார். எனக்கு மட்டும் ஏனோ மனசு ஒப்பவில்லை. நீ ஒரு வார்த்தை எழுதினால் நிம்மதி.

அண்ணி


பிப்ரவரி 14

அண்ணா,

நீங்கள் நலமில்லை என்று எனக்குத் தெரியும். நானும் நலமில்லை.

அண்ணி எழுதியதால் தெரியவரவில்லை. நீங்கள் அனுப்பிய தாளைப் பிரித்த அன்றே தெரியும். பெயரை வெட்டினீர்கள், வயதை விட்டுவிட்டீர்கள். ஐம்பத்தொன்று. தராசுக்காரருக்கு என் கல்யாணத்திலேயே அறுபது. பெயரை வெட்டிய ஓரத்தில் சாக்குக் கிழிக்கிற கத்தியின் பிசிறு. அடுத்தவர் கட்டிக்காக நீங்கள் மூன்று மேஜை ஏறி இறங்க மாட்டீர்கள் அண்ணா. ஆள் அனுப்பியிருப்பீர்கள்.

தகட்டை வைத்தேன். சின்ன உருப்பெருக்கத்தில் முழுவதும் ஓட்டிப் பார்த்தேன். பெரும்பகுதி நீலம்தான். கீழ்மூலையில் ஒரு இடம், எள்ளைக் கொட்டியதுபோலப் பழுப்பாக மொய்த்துக் கிடந்தது. பார்த்தேன். கை தகட்டை நகர்த்திவிட்டது. நடுவில் போய் நின்றேன். அங்கே ஐந்நூறு எண்ணினேன், ஒன்று விடாமல், இரண்டு முறை. ஒன்பது வந்தது. எண்ணியதில் பொய் இல்லை. நின்ற இடம்தான் பொய். மூலையை எண்ணாமல் விட்டால் அந்த எண்ணே இல்லாமல் போய்விடும் என்று யாரோ எனக்குள் உட்கார்ந்து சொன்ன மாதிரி இருந்தது. அறுபத்தொரு பேருக்கு நான் இப்படிச் செய்ததில்லை.

கையெழுத்து அறிக்கையை நான் தள்ளிக்கொண்டே வந்தேன். அண்ணியின் கடிதம் வந்ததும் டாக்டரம்மாவிடம் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. யாருடையது என்று தெரியாத இன்னொருவரிடம் தகட்டைக் கொடுத்து எண்ண வைத்தார், தானும் எண்ணினார். மூலையில் ஒருவருக்கு இருபத்தாறு, ஒருவருக்கு இருபத்தேழு. என்னை வேறு மேஜைக்கு மாற்றிவிட்டார். நான் எண்ணிய அறுபத்தொன்றையும் மறுபடி எண்ணப்போகிறார்கள். அது நியாயம்.

அறிக்கை நேற்றே உங்கள் டாக்டருக்கு நேராகப் போய்விட்டது. கரண்ட் வைப்பதுதான் நல்லது என்று டாக்டரம்மா அவரிடம் பேசியிருக்கிறார். இருபத்தாறு என்றால் வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. வராமல் தடுக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று அர்த்தம். தயவுசெய்து போங்கள். நீங்கள் போன் எடுக்கவில்லை என்பதால் இதைக் கூரியரில் போடுகிறேன். கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை


பிப்ரவரி 19

சில்லறைக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே டாக்டர் கூப்பிட்டுவிட்டார். 23ஆம் தேதி கரண்ட் ஆரம்பம். முப்பது முறை. முகத்துக்கு அளவெடுத்து வலைமாதிரி ஒரு மூடி செய்திருக்கிறார்கள். அதைப் போட்டு மேஜையோடு திருகிவிடுவார்கள், அசையக்கூடாது.

இரண்டு நாள் உன்மேல் இருந்த கோபத்தில் யாரோடும் பேசவில்லை. உன் அண்ணி, "பேசுனா மட்டும் புரியவா போகுது?" என்றாள். அதற்குச் சிரிக்கப் போய்க் கோபம் பாதி கலைந்துவிட்டது. மீதிப் பாதியை எழுதுகிறேன்.

இருபத்தெட்டு வருஷமாக எனக்கு மேல்மூட்டையில் மட்டும் நல்ல சரக்கைக் காட்டி ஏமாற்றப் பார்த்தவர்களை நான் எண்ணி மாளாது. அவர்கள் எல்லாம் லாபத்துக்காகச் செய்தார்கள். நீ பாசத்துக்காகச் செய்தாய். மூட்டைக்குள் இருக்கிற வண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் எழுதிக் கொடுத்தபடியே விட்டிருந்தால் பத்து நாளில் கரண்ட் வைக்கிற கெடு முடிந்து கதவு மூடியிருக்கும்.

ஆனால் வாங்கியவன்மேலும் குற்றம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உன் முதல் கடிதத்தில் எங்கே நிறுத்தி எண்ணுவோம் என்று அரைப்பக்கம் எழுதியிருந்தாய். ஒன்பது என்று எழுதிய கடிதத்தில் எந்த இடம் என்று ஒரு சொல் இல்லை. வேறு எவன் அப்படி எழுதியிருந்தாலும் குத்தூசியோடு போய் நின்றிருப்பேன். உன்னிடம் கேட்கவில்லை. எனக்கு அந்தச் சரக்கை வாங்க ஆசை இருந்தது. டப்பாவைத் தட்டிப் பார்க்காமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உன்னிடம் ஆளை மாற்றிச் சொன்னது நான். நீ தெரியாதவளாக இருந்தால்தான் உண்மை வரும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் வயதை வெட்ட மறந்த மடையனும் நான்தான்.

பயமாக இருக்கிறது. இதைப் பேசியிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

பத்து முறை முடிந்தது என்று அண்ணி சொன்னார். வாய்க்குள் புண் என்றும் சொன்னார். உப்புப் போட்ட தண்ணீரில் கொப்பளியுங்கள், டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைக் கண்ணில் விட மறக்காதீர்கள், சூடாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

உங்கள் கோபம் சரி. பதில் எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. எத்தனை முறை எழுதினாலும் மன்னிப்பு என்ற சொல், சின்ன வயதில் உங்களிடம் நான் ஓயாமல் சில்லறை கேட்டதுபோலவே இருந்தது, கிழித்துவிட்டேன்.

அறுபத்தொன்றையும் திரும்ப எண்ணி முடித்தார்கள். என் எண்ணிக்கை எல்லாவற்றிலும் சரியாக இருந்ததாம். ஒன்றில் மட்டும்தான் தப்பு, அது அலமாரியிலேயே இல்லாதது. டாக்டரம்மா இதைச் சொல்லிவிட்டு, "தன் வீட்டாளுங்க தகட்டை யாரும் தொடக்கூடாதுன்னு சுவத்துல எழுதி ஒட்டிட்டேன். உன் பேரைப் போடலை, ஆனா எல்லாருக்கும் தெரியும்" என்றார். பழைய மேஜைக்குத் திரும்பியிருக்கிறேன்.

இனிமேல் நமக்குள் ஒரு ஒப்பந்தம் வேண்டும் அண்ணா. நீங்களே நிபந்தனைகளை எழுதுங்கள், நான் பேரம் பேச மாட்டேன். என் பக்கம் ஒன்றே ஒன்று. குழறினாலும் போனை எடுங்கள். இருபத்தாறைவிட எனக்குப் பயமாக இருந்தது அந்த மணிச் சத்தம்தான்.

தங்கை


ஏப்ரல் 8

சில்லறைக்கு,

முப்பது. முப்பதும் வெள்ளிக்கிழமை முடிந்தது. படம் எடுத்துப் பார்ப்பது ஜூலையில். அதுவரை வந்திருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, டாக்டருக்கும்தான். எண்ணை முதலில் எழுதிவிட்டேன். இனி நலம்.

எச்சில் ஊறுவதில்லை. தண்ணீர்ப் பாட்டில் இல்லாமல் கடையில் உட்கார முடியவில்லை. பயறைக் கடித்தால் ருசி தெரியவில்லை, சத்தம் மட்டும் தெரிகிறது. ஈரச் சரக்கு பல்லில் நசுங்கும், காய்ந்தது நொறுங்கும், காதால் வாங்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். மிச்சத்துக்குத் தராசுக்காரர் கடித்துச் சொல்கிறார். "எனக்கு ஆபரேசன் பண்ணி நீங்க வாய் வறண்டு கிடக்கீங்களே முதலாளி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். கண் பாதி மூடுகிறது. நாற்காலியைப் பழையபடி திருப்பிவிட்டேன். கோணல் வாயைப் பார்த்துவிட்டு விலை குறைத்துக் கேட்டவன் ஒருவன்தான், அவனுக்கு அன்றைக்கு நான் சரக்கே கொடுக்கவில்லை.

உன் வீட்டுக்காரரை மாடி ஏறச் சொல். வயசு இருக்கிறது.

நேற்று போனில் பேசி முடித்ததை எழுத்தில் வைக்கிறேன், பிறகு இல்லை என்று இரண்டு பேரும் சொல்லக்கூடாது. முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதன்பிறகு ஐந்தாம் வருஷம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் சோதனைக்குப் போக வேண்டும், கடையைச் சாக்குச் சொல்லக்கூடாது. எடுக்கிற தாள் பெயரோடும் வயதோடும் வெட்டாமல் உன்னிடம் வரும். மறுபடி எண்ண வேண்டி வந்தால் நீ தொடக்கூடாது, உன் டாக்டரம்மா எண்ணுவார். எண்ணை என்னிடம் படித்துச் சொல்வது நீ, உன் அண்ணி பக்கத்தில் இருக்க வேண்டும். முதலில் எண், எந்த இடத்தில் எண்ணியது, அதற்குப் பிறகுதான் நலம் விசாரிப்பு. நான் மூன்றாவது மணிக்குள் போனை எடுப்பேன்.

அண்ணன்